வாடகை வீடா, வீடாக மாற்றிய வானா: யாழ்ப்பாணத்தில் எது மலிவு?

கொக்குவிலான் (கேள்வி):
எனக்கு இரண்டு ஆண்டுக் களப்பணி ஒப்பந்தம் ஒன்று கிடைத்துள்ளது. கிழமையில் மூன்று நாட்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும், மிகுதி நாட்கள் யாழ் நகரிலும் நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இரண்டு அறை வீட்டுக்கு மாதம் 35,000 ரூபாய் வாடகையும் ஆறு மாத முற்பணமும் கேட்கிறார்கள். அதைவிட, 55 இலட்சத்துக்கு விலை பேசியிருக்கும் பழைய டொல்பின் வானை வாங்கி, மேலும் 8 இலட்சம் செலவழித்துப் படுக்கை, சிறு குசினி, கூரையில் சூரியமின் தகடு ஆகியவற்றைப் பொருத்தி அதிலேயே தங்கினால் வாடகை மிச்சமாகுமே என்று எண்ணுகிறேன். நான் தனியாள். உங்கள் கருத்து என்ன?

பழைய காசாளர்:
தம்பி, வானில் வாடகை இல்லை என்று நினைப்பதுதான் பிழை. 63 இலட்சத்தை 8 சதவீத வட்டிக்கு நிலையான வைப்பில் இட்டால் ஆண்டுக்கு 5,04,000 ரூபாய், அதாவது மாதம் 42,000 ரூபாய் வரும். வானை வாங்கினால் அந்த வருமானத்தை இழக்கிறீர்கள். வீட்டுப் பக்கத்தில் முற்பணமான 2,10,000 ரூபாயின் வட்டியையும் சேர்த்தாலும் மாதம் 36,400 ரூபாய்தான். வானுக்குக் காப்புறுதி, ஆண்டு வரிப்பத்திரம், புகைப் பரிசோதனை, டயர், திருத்தவேலை என்பன வேறு. விற்கும்போது முதல் திரும்பும் என்பீர்கள். 2020 இல் தொடங்கிய இறக்குமதித் தடை பழைய வாகனங்களின் விலையைத் தாங்கிப் பிடித்தது உண்மை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் அது தளர்த்தப்பட்டுவிட்டதால், அதே விலை நிற்கும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

கராச்சுக்காரன்:
வட்டிக் கணக்கு சரி. ஆனால் வீட்டில் இருந்தாலும் இவர் கிளிநொச்சிக்குப் போகத்தானே வேண்டும், ஐயா? பஸ் கட்டணத்தையும் அங்கே இரவு தங்கும் செலவையும் வாடகைப் பக்கத்தில் சேர்த்தால் வித்தியாசம் குறைந்துவிடும். எனக்குப் பெரிய சிக்கலாகத் தெரிவது மலசலகூடம்தான். மேல்நாடுகளில் வாகன வீட்டின் கழிவுத் தொட்டியை வெறுமையாக்கத் தனி இடங்கள் உண்டு. இங்கே அதை எங்கே கொண்டுபோய் ஊற்றுவீர்கள்? நம் நிலத்தடி சுண்ணாம்புக்கல். கண்ட இடத்தில் ஊற்றினால் அயலவரின் கிணற்றுக்குத்தான் போகும். உள் அமைப்பை மாற்றுவதானால், கை வைக்கும் முன்னரே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதிக்காரரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் பகலில் இருக்க முடியாது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

ஒன்ராறியோவில் இருந்து:
நான் இங்கே இரண்டு கோடைகள் வாகன வீட்டில் இருந்தவன். பெரும்பாலான முகாம் திடல்கள் மே முதல் ஒக்டோபர் நடுப்பகுதி வரைதான் திறந்திருக்கும். பிறகு குளிரில் தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும் என்பதால் எப்படியும் வீடு தேட வேண்டிவரும். உங்களுக்குப் பனி இல்லை, ஆனால் தண்ணீரும் மின்சாரமும் தரும் தரிப்பிடமும் இல்லை. யாராவது உறவினரின் வளவில் கிணற்றோடும் மலசலகூடத்தோடும் நிறுத்த இடம் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

கொக்குவிலான்:
நன்றி. வானுக்கு இன்னும் காசு கொடுக்கவில்லை, கொடுக்கப்போவதும் இல்லை. முற்பணத்தை மூன்று மாதமாகக் குறைக்குமாறு வீட்டுக்காரரிடம் கேட்கப் போகிறேன். கிளிநொச்சி நகருக்குள் கிழமைக்கு இரண்டு இரவு மட்டும் தங்குவதற்கு அறை கொடுப்பவர்கள் யாரையாவது தெரிந்தால் தயவுசெய்து அறியத் தாருங்கள்.