டர்போ பெட்ரோல் இன்ஜினுக்கு ஆயில் கேட்ச் கேன் போடலாமா, வேண்டாமா?

அச்சாணி:
நண்பர்களே, வண்டி 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல், டைரக்ட் இன்ஜெக்ஷன். 42,000 கி.மீ. ஓடியிருக்கு. டர்போவுக்குக் காத்து போற குழாயைக் கழட்டினா உள்ளே எண்ணெய்ப் பசை. இன்டர்கூலர் குழாயிலும் அதேதான். ஆயில் லெவல் குறையல, புகை இல்ல, செக் இன்ஜின் லைட்டும் எரியல. கேட்ச் கேன் (இன்ஜின்ல இருந்து இன்டேக்குக்குத் திரும்புற வாயுவுல இருக்கற எண்ணெயைப் பிடிச்சு வைக்கிற டப்பா) போட்டா வால்வுல கார்பன் படியாதுன்னு சொல்றாங்க. ஆனா கேனுக்கு ரெண்டு மூக்குதான் இருக்கு. வால்வு கவர்ல இருந்து கிளம்புற ஹோஸும் ரெண்டு: ஒண்ணு மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காத்தைப் பிரிச்சுக் கொடுக்கற இன்டேக் குழாய்), இன்னொண்ணு டர்போவுக்கு முன்னாடி. எதுல போடணும்? முதல்ல, போடத்தான் வேணுமா?

ஸ்பேனர்_12:
குழாய்ல மெல்லிசா பசை இருக்கறது கோளாறு இல்லீங்க, டர்போ வண்டின்னா இருக்கும். துடைச்சா விரல் கருக்குற அளவு சகஜம். குழாயைச் சாய்ச்சா சொட்டுதுன்னாதான் யோசிக்கணும்.

கம்ப்ரெஷன், பவர் ஸ்ட்ரோக் நேரத்துல பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே கிராங்க் கேஸுக்குள்ள (கிராங்க் சுத்துற அடிப்பாகம்) கசியும். அதுதான் ப்ளோ-பை. புது இன்ஜின்லயும் உண்டு. அதோட எண்ணெய்ப் பனி, எரியாத பெட்ரோல், நீராவி எல்லாம் கலந்திருக்கும். இதை வெளியே விடாம பிசிவி வால்வு இன்டேக்குக்கே திருப்பி அனுப்புது. பழைய போர்ட் இன்ஜெக்ஷன்ல வால்வு முதுகு மேலயே பெட்ரோல் பீச்சுறதால எண்ணெய் கழுவிப்போயிடும். டைரக்ட் இன்ஜெக்ஷன்ல பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள போகுது. வால்வைக் கழுவ ஆளில்ல, எண்ணெய் அங்கேயே கருகி ஒட்டிக்குது. டொயோட்டாவோட டி-4எஸ் மாதிரி ரெண்டு வகை இன்ஜெக்டரும் இருக்கற இன்ஜின்ல இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. உங்க இன்ஜின் அப்படியான்னு பாருங்க. அப்படின்னா கேனே வேண்டாம்.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சோதனை. இன்ஜினைச் சூடாக்கி, ஐடில்ல விட்டு, ஆயில் ஊத்துற மூடியைத் திருகிக் கழட்டி மேலோட்டமா வைங்க. லேசா உள்ளே இழுத்தா நல்லது. மூடி குதிச்சு ஆடினா ப்ளோ-பை அதிகம், இல்லன்னா பிசிவி வழி அடைச்சிருக்கு. மூடியைத் தூக்கவே முடியாம இழுக்குது, விசில் சத்தம் வருதுன்னா பிசிவி டயாஃபிரம் கிழிஞ்சிருக்கு. பின்னால சொன்ன ரெண்டுக்கும் கேன் மருந்தில்ல. மூடி குதிச்சா பிசிவி வழியைச் சுத்தம் பண்ணிட்டு லீக்-டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள்ள காத்தடிச்சு எவ்வளவு கசியுதுன்னு பார்க்கிற சோதனை) எடுங்க. இழுத்தா டயாஃபிரத்தை மாத்துங்க.

ஹோஸ்கிளாம்ப்:
எந்த ஹோஸ்ங்கறதுதான் சரியான கேள்வி. பல பேர் இதுலதான் கோட்டை விடறாங்க.

ஐடில்லயும் நிதானமா ஓடும்போதும் மேனிஃபோல்ட்ல வேக்குவம் இருக்கும். அப்போ வாயு பிசிவி வழியா மேனிஃபோல்டுக்குப் போகும். டர்போ பக்க ஹோஸ் வழியா நல்ல காத்து இன்ஜினுக்குள்ள வரும். ஆக்சிலரேட்டரை மிதிச்சு பூஸ்ட் (டர்போ தள்ளுற காத்தழுத்தம்) ஏறினதும் பிசிவி மூடிக்கும். அந்த ரெண்டாவது ஹோஸ்ல ஓட்டம் தலைகீழாகி, வாயு டர்போ வாயிலேயே போய் விழும். நீங்க பார்த்த பசை இந்த வழியா வந்தது. வால்வுல படியறதுல பெரும்பங்கு பிசிவி பக்கத்துல இருந்து வரும், ஏன்னா வண்டி அதிக நேரம் வேக்குவத்துலதான் ஓடுது. ஒரே கேன்னா பிசிவி பக்கம் போடுங்க. எப்பவும் பூஸ்ட்லயே விரட்டறவங்களுக்கு ரெண்டு பக்கமும் வேணும்.

இணைக்கிற வரிசை: வால்வு கவர், பிசிவி, கேனோட உள்மூக்கு, வெளிமூக்கு, மேனிஃபோல்ட். மூக்கை மாத்திப் போட்டா தடுப்புத் தகடு வேலை செய்யாது, சேர்ந்த எண்ணெயை இன்ஜின் திரும்ப உறிஞ்சும். மேனிஃபோல்ட் முனையில ஒரு செக் வால்வு (ஒரு பக்கமா மட்டும் ஓட்டம் விடறது) போடுங்க. அது இல்லன்னா பூஸ்ட் அழுத்தம் கேன் வரைக்கும் வந்து, அதுக்குன்னு செய்யாத மூடியும் சீலும் கசியும்.

ஹோஸ் விஷயத்துல கஞ்சத்தனம் கூடாது. ஹீட்டர் ஹோஸ் ஈபிடிஎம் ரப்பர், எண்ணெய் பட்டா ஊதி மெத்துன்னு ஆயிடும். வெறும் சிலிக்கான்ல எண்ணெய் கசிஞ்சு வெளிப்பக்கம் வேர்க்கும். நைட்ரைல், இல்லன்னா உள்ளே ஃப்ளூரோ ரப்பர் பூசினது எடுங்க. உள்விட்டம் கம்பெனி ஹோஸைவிடக் குறையக் கூடாது. சுவர் தடிமனா இருக்கணும், இல்லன்னா வேக்குவத்துல சப்பிப்போகும். நடுவுல தொங்கல் விடாதீங்க, தண்ணி தேங்கும். கேனை பாடியில மாட்டறீங்கன்னா ஹோஸ்ல கொஞ்சம் தளர்வு வேணும், ஏன்னா இன்ஜின் ஆடும், பாடி ஆடாது. ப்ளாஸ்டிக் மூக்குல வார்ம் கிளாம்ப்பை (திருகி இறுக்குற பட்டை) முறுக்கினா விரிசல் விழும். அங்க ஸ்பிரிங் கிளாம்ப் போதும்.

கேனுக்குள்ள தடுப்புத் தகடும் வலையும், இல்லன்னா வெண்கல ஃபில்டரும் இருக்கணும். வெறும் டப்பாவா இருந்தா பனி அப்படியே கடந்து போயிடும். அதுக்குள்ள பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை அடைக்கச் சொல்றவங்க பேச்சைக் கேட்காதீங்க, துணுக்கு உடைஞ்சு இன்ஜினுக்குள்ள போகும். டர்போ, எக்ஸாஸ்ட் பக்கம் வேண்டாம். காத்து படற குளிர்ச்சியான இடம் பாருங்க, குளிர்ந்தாத்தான் ஆவி துளியாகும்.

மேல குட்டி ஃபில்டர் வெச்ச கேன் மட்டும் வேண்டவே வேண்டாம். மேனிஃபோல்ட் இணைப்போட அதைப் போட்டா சென்சார் அளக்காத காத்து உள்ளே வரும், ஐடில் தாறுமாறாகும், பி0171 கோட் (காத்து அதிகம், பெட்ரோல் குறைவுங்கற கோளாறு எண்) விழும். மேனிஃபோல்ட் வாயை அடைச்சிட்டுப் போட்டாலும் கிராங்க் கேஸை உறிஞ்சி எடுக்க எதுவும் இருக்காது. ஈரமும் அமிலமும் ஆயில்லயே தங்கும், கேபினுக்குள்ள நாத்தம் வரும். பல நாடுகள்ல புகை விதிப்படி அது குத்தமும்கூட.

மசகு:
நான் எதிர்க்கட்சி. இன்றைய டர்போ இன்ஜின்களில் பெரும்பாலானவற்றில் வால்வு கவருக்குள்ளேயே எண்ணெய் பிரிப்பான் இருக்கிறது. அது பிரித்த எண்ணெய் தானாக ஆயில் சம்புக்குத் திரும்பிவிடும். கேனில் சேர்வதை நீங்கள்தான் கொட்ட வேண்டும். மறந்தால் நிரம்பிய கேன், இல்லாத கேனைவிட மோசம். ஒரு திருப்பத்திலோ பிரேக்கிலோ தேங்கியதெல்லாம் ஒரே மொத்தமாக மேனிஃபோல்டுக்குள் போகும். நீலப் புகை வரும், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கும் நல்லதல்ல. உறைபனி விழும் ஊர்களில் கேனுக்குள் தண்ணீர் உறைந்து வழி அடைத்தால், கிராங்க் கேஸ் அழுத்தம் ஏறிப் பின்பக்க கிராங்க் ஆயில் சீல் கசியும். அதை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் வாதாடவும் தயாராக இருங்கள்.

கேன் எல்லாவற்றையும் பிடிப்பதும் இல்லை. வால்வு ஸ்டெம் சீல் வழியே இறங்கும் எண்ணெயும், இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் ஒரே சமயத்தில் திறந்திருக்கும் வால்வு ஓவர்லாப் நேரத்தில் பின்னோக்கி வரும் எக்ஸாஸ்ட் கரியும் கேன் பக்கமே வருவதில்லை. படிவு குறையும், நிற்காது.

செலவில்லாத வேலைகளை முதலில் செய்யுங்கள். ஆயிலை டிப்ஸ்டிக்கின் மேல்கோட்டுக்கு மேல் ஊற்றாதீர்கள். ஆயில் வாங்கும்போது தரவுத்தாளில் நோவாக் அளவைப் பாருங்கள். 250 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரத்தில் எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்பதுதான் அது. ஐஎல்எஸ்ஏசி (ILSAC) ஜிஎஃப்-6 என்ற ஆயில் தரத்தில் 15% வரை அனுமதி, ஐரோப்பிய ஏசிஇஏ (ACEA) சி3 தரத்தில் 13%. கையேடு அனுமதிக்கும் ஆயில்களில் குறைந்த எண் உள்ளதை எடுங்கள். ஏற்கெனவே படிந்த கார்பனைக் கேன் ஒன்றும் செய்யாது. மேனிஃபோல்டைக் கழற்றி, அந்தந்த சிலிண்டரின் இன்டேக் வால்வுகள் மூடியிருக்கும்படி கிராங்கைத் திருப்பி, வால்நட் ஓட்டுத் தூளை அடித்துத்தான் எடுக்க வேண்டும்.

ஸ்பேனர்_12:
உறைபனி விஷயம் சரிதான், ஒத்துக்கறேன். ஆனா உள்பிரிப்பான் எல்லா இன்ஜின்லயும் ஒரே தரம் இல்ல. சந்தேகம்னா மேனிஃபோல்ட் பக்க ஹோஸோட உள்பக்கத்தைப் பாருங்க. வெறும் மினுமினுப்பா இருந்தா பிரிப்பான் வேலை செய்யுது. உள்ளே குளமா தேங்கியிருந்தா கேனுக்கு நியாயம் உண்டு.

அச்சாணி:
மூடி சோதனை பண்ணிட்டேன், லேசா உள்ளே இழுக்குது. மேனிஃபோல்ட் ஹோஸ்ல நல்ல ஈரம், சாய்ச்சா ரெண்டு மூணு சொட்டு வந்தது. ஊர்ல உறைபனி கிடையாது. பிசிவி பக்கம் ஒரு கேன் போடறதா முடிவு. எத்தனை கிலோமீட்டருக்கு ஒருதரம் கொட்டணும்? சில படங்கள்ல உள்ளே பால் மாதிரி வெள்ளையா இருக்கே, ஹெட் கேஸ்கெட் போயிடுச்சா?

ஹோஸ்கிளாம்ப்:
முதல் தடவை 500 கி.மீ.யில திறந்து பாருங்க. எவ்வளவு சேர்ந்திருக்குன்னு வெச்சு இடைவெளியை நீட்டுங்க. பாதிக்கு மேல எப்பவும் நிரம்ப விடக் கூடாது, அதுதான் கணக்கு. மழைக்காலத்துலயும், இன்ஜின் சூடாறதுக்குள்ள அணைக்கிற குட்டிப் பயணங்கள்லயும் சீக்கிரம் சேரும்.

வெள்ளை நிறம் தண்ணியும் எண்ணெயும் கலந்தது, பயப்பட வேண்டாம். கூலன்ட் லெவல் குறையுதா, டிப்ஸ்டிக்லயும் அதே வெள்ளை ஒட்டியிருக்கான்னு பாருங்க. ரெண்டும் இல்லன்னா அது வெறும் ஈரம். தண்ணியோ பெட்ரோல் வாடையோ இல்லாம சுத்த எண்ணெயா, வேகமா நிரம்புதுன்னாதான் ரிங் பக்கம் சந்தேகம் வரணும்.

கொட்டினதை இன்ஜின்ல திரும்ப ஊத்தாதீங்க, அதுல பெட்ரோலும் தண்ணியும் இருக்கு. பழைய ஆயிலோட சேர்த்துக் கொடுத்திடுங்க. இன்ஜினை அணைச்ச பிறகு கொட்டுங்க. கேனோட அடியில இருக்கற வடிகால் வால்வை முழுசா மூடினதும் ஸ்டார்ட் பண்ணி ஐடில் சீரா இருக்கான்னு கேளுங்க. வால்வு சரியா மூடலன்னா அந்த ஓட்டை வழியாவே காத்து உறிஞ்சும், இன்ஜின் தட்டுத் தடுமாறும்.