நான்காம் நிலைக் கிழிசலுக்குப் பின் மலக்குடல்–யோனி ஃபிஸ்டுலா (இரண்டையும் இணைக்கும் தவறான பாதை): துளை தெரியாதபோது ஃப்ளாப் போடலாமா?

கேள்வி – மகப்பேறு முதுநிலை மாணவி
26 வயது. ஃபோர்செப்ஸ் (இடுக்கி) பிரசவம், நான்காம் நிலைக் கிழிசல் (ஆசனவாய்ச் சுருக்குத்தசையும் மலக்குடல் உட்சவ்வும் கிழிந்தது), அப்போதே தைத்தாயிற்று. 3 மாதமாக யோனி வழியே காற்று பிரிகிறது, பேதியானால் மலமும் கசிகிறது. ஸ்பெகுலம் (யோனியை விரித்துப் பார்க்கும் கருவி) வைத்துப் பார்த்தும் துளை தெரியவில்லை. நேராக அட்வான்ஸ்மென்ட் ஃப்ளாப் (பக்கத்துத் திசுவை இழுத்துத் துளையை மூடும் ஆபரேஷன்) போடலாமா?

பதில் – மலக்குடல் அறுவை மருத்துவர்
வேண்டாம் டாக்டர், முதலில் துளையைக் கண்டுபிடியுங்கள். யோனியில் டாம்பான் வைத்து, மலக்குடலில் ஃபோலி (நுனியில் பலூன் உள்ள குழாய்) வழியாக 20–30 மிலி மெத்திலின் ப்ளூ (நீலச் சாயம்) கலந்த சலைன் செலுத்தி, 15–20 நிமிடம் கழித்து டாம்பானை எடுத்துப் பாருங்கள். எடுக்கும் முன் கையுறையை மாற்றுங்கள். வெளிமுனை மட்டும் நீலமாக இருந்தால் அது பெரும்பாலும் ஆசனவாயிலிருந்து வழிந்த சாயம்தான். ஃபோலி பலூனைக் கீழே இறுக இழுத்தால் தாழ்வான துளையை அதுவே அடைத்துவிடும். ஃபிஸ்டுலா இல்லை என்று ஏமாந்துபோவோம்.

அப்படியும் தெரியாவிட்டால் மயக்கத்தில் லித்தாட்டமியில் (கால்களை உயர்த்தி விரித்த நிலையில்) படுக்கவைத்து, யோனியில் சலைன் நிரப்பி, மலக்குடலுக்குள் காற்றடியுங்கள். குமிழி வரும் இடம்தான் துளை. புரோபை (துளையைத் தேடும் மெல்லிய கம்பியை) அழுத்தித் தள்ளாதீர்கள், பொய்ப்பாதை விழும்.

பதில் – மகப்பேறு மருத்துவர்
இவருக்கு எந்த ஆபரேஷன் என்பதைச் சுருக்குத்தசைதான் தீர்மானிக்கும். ஆசனவாய் வழியாகவும் கசிகிறதா என்று தனியாகக் கேளுங்கள். வெட்கப்பட்டு அவராகச் சொல்லமாட்டார். பெரினியல் பாடியின் (யோனிக்கும் ஆசனவாய்க்கும் இடையிலுள்ள தசைத்திரள்) தடிமனையும், இறுக்கச் சொல்லும்போது விரலில் படும் பிடியையும் குறித்துவையுங்கள். பிறகு எண்டோஏனல் அல்ட்ராசவுண்ட் (ஆசனவாய்க்குள் வைத்து எடுக்கும் ஸ்கேன்). முன்பக்கம் தசை விட்டுப்போயிருந்தால் ஃப்ளாப் மட்டும் போதாது. துளையை அடுக்கடுக்காக மூடி, ஸ்பிங்க்டரோபிளாஸ்டியும் (சுருக்குத்தசையைச் சேர்த்துத் தைப்பது) சேர்த்துச் செய்யவேண்டும். ஒரு எச்சரிக்கை: பெண்களுக்கு ஆசனக் குழாயின் மேல்பகுதியில், முன்பக்கம் வெளிச் சுருக்குத்தசை இயல்பாகவே இருக்காது. அதைக் கிழிசல் என்று எழுதிய ரிப்போர்ட்டை நம்பி ஆபரேஷனில் இறங்கிவிடக்கூடாது. நடு மட்டத்துப் படத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி மேடம். துளையைச் சுற்றி இன்னும் வீங்கி, கெட்டியாக இருந்தால்?

பதில் – மலக்குடல் அறுவை மருத்துவர்
காத்திருங்கள். வீங்கிய திசுவில் தையல் நிற்காது. சீழ் இருந்தால் வடித்து, தேவைப்பட்டால் தளர்வான செட்டான் (துளை வழியே விடும் வடிகால் நூல்) போட்டு, 3–6 மாதம் விடுங்கள். மலம் இளகாமல் பார்த்துக்கொண்டால், சிறிய பிரசவத் துளைகள் சில இதற்குள் தானாகவே மூடிவிடும். நாள்பட்ட பேதி, எடை குறைவு, ஆசனவாயைச் சுற்றிப் பல துளைகள் இருந்தால் கொலனோஸ்கோபி செய்து க்ரோன் நோயா (குடலின் நாள்பட்ட அழற்சி நோய்) என்று பாருங்கள். பயாப்ஸியைக் காசநோய்க்கும் அனுப்புங்கள். கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவரானால், புற்றுநோய் திரும்பியிருக்கிறதா என்று துளையின் விளிம்பில் பயாப்ஸி எடுக்காமல் எதையும் தைக்கக்கூடாது.

கேஸ் ஷீட்டில் துளையின் அளவு, ஹைமனிலிருந்தும் ஆசனவாய் விளிம்பிலிருந்தும் எத்தனை செ.மீ. என்பதைப் படம் வரைந்து எழுதிவையுங்கள்.