வெயிலில் எடுத்த காட்டுப்பூப் படங்களில் இதழ் வரியே தெரியவில்லை: எதை மாற்ற வேண்டும்?

கேள்வி

வணக்கம். கோடை நடையில் வரப்போரமும் தரிசிலும் பூத்திருப்பவற்றைப் படமெடுக்கிறேன். ஏபிஎஸ்-சி கேமரா, 18-55 கிட் லென்ஸ். தும்பை எடுத்தால் வெள்ளைத் திட்டாகத்தான் விழுகிறது. நெருஞ்சியும் ஆவாரையும் மஞ்சள் பூசியது போல் இருக்கின்றன, இதழின் நரம்பு காணோம். இத்தனைக்கும் ஹிஸ்டோகிராம் (இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தைத் தொடவில்லை. பாதிப் படங்கள் காற்றில் கலங்கியும் போகின்றன.

அப்பர்ச்சர் மோட், நேர் வெயில், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, லென்ஸ் திறப்பு எஃப்/11. கேமரா தானாகக் கொடுத்த ஷட்டர் 1/60 நொடி. ஜேபெக் கோப்பு. எங்கே தவறுகிறது?

பதில் 1

நீங்கள் கொடுத்த எண்களிலேயே விடை இருக்கிறது. நேர் வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/16 வைத்தால் ஷட்டர் சுமார் 1/100 என்பது பழைய கணக்கு. எஃப்/11-க்கு அது 1/200. உங்கள் கேமரா 1/60 கொடுத்திருக்கிறது, அதாவது ஒன்றரை ஸ்டாப்புக்கும் மேல் கூடுதல் வெளிச்சம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு). மிக அருகில் ஃபோகஸ் செய்யும்போது லென்ஸ் கொஞ்சம் ஒளியை இழக்கும். அதைக் கழித்தாலும் மிச்சம் அதிகம்.

காரணம் மண். தும்பைப் பூ படச் சட்டத்தில் சின்ன இடம்தான் பிடிக்கிறது. மீதியெல்லாம் கருத்த மண்ணும் நிழலும். கேமராவின் ஒளி மீட்டர் அந்த இருட்டை நடுத்தரச் சாம்பலாகக் காட்டப் பார்க்கிறது, பூ வெந்துபோகிறது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணித்த ஒளியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) -1-ல் தொடங்குங்கள். பின்னணி ரொம்பக் கருப்பாக இருந்தால் -1.7 வரை போகலாம். ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் முறை) வைத்து வெள்ளை இதழையே அளந்தால் கதை தலைகீழ்: அப்போது +1 முதல் +1.5 வரை கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளை சாம்பலாகிவிடும்.

மஞ்சளின் கோளாறு வேறு. மஞ்சள் இதழ் சிவப்பையும் பச்சையையும் அப்படியே திருப்பி அனுப்பும், நீலத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். அதனால் படத்தின் சிவப்புச் சேனல் (சிவப்பு ஒளியின் பதிவு) முதலில் நிரம்பி வழிகிறது. நீங்கள் பார்ப்பது மொத்த ஒளியின் ஹிஸ்டோகிராம். அதில் இது தெரியாது. மெனுவில் சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை எடுத்து, சிவப்புக் கோடு வலது சுவரில் மோதாத வரை குறையுங்கள். பிக்சர் ஸ்டைல் (படத்தின் நிறத் தோற்ற அமைப்பு) 'விவிட்' என்று இருந்தால் முதல் வேலையாக அதை 'நியூட்ரல்' ஆக்குங்கள். வெயிலில் திரை மங்கலாகத் தெரியும், படம் இருட்டு என்று நினைத்து ஒளியைக் கூட்டத் தோன்றும். திரையை நம்பாதீர்கள், ஹிஸ்டோகிராம் கோட்டை நம்புங்கள்.

பதில் 2

மேலே சொன்னதோடு ஒன்று: 1/60-ல் காற்றில் ஆடும் பூ நிற்கவே நிற்காது. அருகில் போகப் போக ஒரு மில்லிமீட்டர் அசைவும் பெரிதாகத் தெரியும். 1/500-க்குக் கீழே போக வேண்டாம், ஐஎஸ்ஓ 400 தாராளமாக வையுங்கள்.

ஆனால் நேர் வெயிலையே உடைப்பதுதான் பெரிய மாற்றம். 30 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கம்பி வளையமோ அட்டைச் சட்டமோ செய்து பட்டர் பேப்பர் ஒட்டுங்கள். சூரியனுக்கும் பூவுக்கும் நடுவில், படத்தில் விழாத அளவுக்குப் பூவை ஒட்டிப் பிடிக்க வேண்டும். விலக விலக நிழல் கடினமாகும். ஒன்றரை ஸ்டாப் அளவுக்கு ஒளி குறையும். எஃப்/8, ஐஎஸ்ஓ 400, 1/500 கிட்டத்தட்டச் சரியாக வரும். பின்னணியும் தாளின் நிழலுக்குள் இருக்கிறதா பாருங்கள். பூ மட்டும் நிழலில், பின்னால் வெயில் என்றால் படம் கெடும். கலர் குடையால் மறைத்தால் வெள்ளைப் பூவில் அந்தக் கலர் ஏறிவிடும், வெள்ளைக் குடை மட்டும்தான் சரி.

தண்டு ஆடினால் பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றி, துணிக்கிளிப்பைத் தளர்வாக வைத்துத் தண்டைத் தாங்குங்கள். எருக்கஞ்செடியில் இந்த வேலை வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் கருவிழியே பாதிக்கும்.

கேட்டவர்

மிக்க நன்றி, காரணத்தோடு சொன்னது புரிந்தது. இன்னும் இரண்டு. விஷ்ணுகிராந்தியைக் கண்டுவைத்துவிட்டு மதியத்துக்கு மேல் போனால் பூவையே காணோம். அடுத்து, படத்தைக் காட்டி இனம் கேட்டால் "இது மட்டும் போதாது" என்கிறார்கள். மொபைலில் எடுத்தாலும் அதே பதில்தான்.

பதில் 3

விஷ்ணுகிராந்தி காலையில் விரியும், மதியத்துக்கு மேல் சுருங்கிவிடும். நெருஞ்சியும் காலைப் பூதான். வெயில் ஏறுமுன் போனால் காற்றும் குறைவாக இருக்கும், ஒளியும் சாய்வாக விழும்.

இனம் சொல்ல, பூவின் முகம் மட்டும் உதவாது. நெருஞ்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனை நெருஞ்சிக்கும் மஞ்சள் பூதான். இலையைப் பார்த்தால் சந்தேகமே இல்லை: சிறு நெருஞ்சியில் சிற்றிலைகள் வரிசையாக அமைந்த கூட்டிலை, எதிரெதிர் இலைகளில் ஒன்று மற்றதைவிடச் சிறியது, ஆனை நெருஞ்சியில் சதைப்பற்றான தனி இலை, விளிம்பு நெளிந்திருக்கும். பூவும் சிறு நெருஞ்சியில் ஐந்து தனி இதழ், ஆனை நெருஞ்சியில் புனல் வடிவம்.

தும்பையில் முக்கியமானது புல்லி வட்டம், அதாவது இதழ்களுக்கு அடியில் இருக்கும் பச்சை உறை. அதன் வாய் சாய்வா, நேரா, பற்கள் எப்படி என்பதை வைத்துத்தான் தும்பை வகைகளைப் பிரிக்கிறார்கள். பூவைப் பறித்து உள்ளங்கையில் வைத்து எடுத்தால் வெள்ளை மட்டும் கழன்று வரும், புல்லி செடியிலேயே நின்றுவிடும். கேட்ட கேள்விக்கான விடை படத்திலேயே இருக்காது. தயவுசெய்து பறிக்காமல் எடுங்கள்.

ஆகவே ஒரே செடியில் முழுச் செடி, பூ நேராக, பூ பக்கவாட்டில், இலை தண்டோடு சேரும் இடம், இலையின் அடிப்புறம், காய் இருந்தால் காய். ஒரு படத்தில் மட்டும் மில்லிமீட்டர் ஸ்கேல்.

மொபைலில் ரொம்ப நெருங்கினால் பல மாடல்கள் தானாக அல்ட்ராவைடு லென்ஸுக்குத் தாவும். ஓரம் வளையும், போனின் நிழலே பூவில் விழும். கொஞ்சம் பின்வாங்கி 2எக்ஸ் வையுங்கள். பூவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, ஒளியைக் கீழே இழுங்கள்.

கேட்டவர்

ஏற்கெனவே எடுத்த மஞ்சள் படங்களைத் திருத்த முடியுமா?

பதில் 1

ஜேபெக்கில் சிவப்பு அதன் உச்ச அளவான 255-ஐத் தொட்ட இடத்தில் விவரம் பதிவாகவே இல்லை. ஒளியைக் குறைத்தால் மஞ்சள் அழுக்காகும், நரம்பு வராது. இனி 'ரா' கோப்பாக (கேமரா சுருக்காத மூலப் பதிவு) எடுங்கள். சற்றே வழிந்த சிவப்பை அதில் பெரும்பாலும் மீட்கலாம். ஒயிட் பேலன்ஸையும் (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்வது) பிறகு மாற்றிக்கொள்ளலாம். செடி இன்னும் பூவோடு இருந்தால் காம்பன்சேஷன் -1 வைத்து மறுபடி எடுப்பதே நல்லது.