8.40-க்கும் 8.50-க்கும் நடுவில்: டாக்டர் ஷெப்பர்ட் பொய் சொன்னானா?

தாழ்ப்பாள்:
பக்கத்து இழையில் ஒரு முத்து உதிர்ந்திருக்கிறது. “அகதா கிறிஸ்டியின் ரோஜர் அக்ராய்ட் கொலைக் கதையில் டாக்டர் ஷெப்பர்ட் வாசகரிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. துப்பறியும் நாவல்களிலேயே நேர்மையானது இதுதான்.” கீழே வரிசையாகக் கைதட்டல் வேறு. படித்ததிலிருந்து மண்டை காய்கிறது. கதை சொல்கிற ஆளே கொலைகாரன். அதைக் கடைசி அத்தியாயம் வரை மூடி வைத்துவிட்டு, அப்புறம் “எவ்வளவு நாசூக்காக எழுதியிருக்கிறேன் பார்த்தீர்களா” என்று தன் முதுகில் தானே தட்டிக்கொள்கிறான். அக்ராய்டின் அறைக்குக் கடிதங்கள் வந்தது 8.40. டாக்டர் வெளியே வந்தது 8.50. அந்த 10 நிமிடத்துக்குள்தான் கத்தி இறங்கியிருக்கிறது. இறங்கியதற்கு ஒரு வரி உண்டா? இதற்குப் பெயர் நேர்மை என்றால், என் வீட்டுப் பால்காரரும் நேர்மையானவர்தான்.

வாசுகி:
எழுதியது நான்தான் சார். பெயரைச் சொல்லியே திட்டலாம்.
8.40-க்குக் கடிதம் வந்தது உண்மை. 8.50-க்கு அவன் கிளம்பியதும் உண்மை. கதவுக் கைப்பிடியில் கை வைத்துத் திரும்பிப் பார்த்து, செய்யவேண்டியது ஏதும் விட்டுப்போனதா என்று யோசித்தானே, அதுவும் உண்மை. கொலை செய்தவன் அதைத்தானே யோசிப்பான்? நீங்கள் ஏதோ பாசமான டாக்டர் என்று படித்துவிட்டுப் போனீர்கள். அதற்கு கிறிஸ்டி என்ன செய்வார்?

அரைக்கண்:
ஐயோ, தலைப்பில் ஒரு எச்சரிக்கை போடக்கூடாதா! இந்த வாரம்தான் வாங்கினேன். பிரிக்கக்கூட இல்லை.

பழையபேப்பர்:
தம்பி, 1926-ல் வந்த புத்தகம். இன்னும் எத்தனை வருடம் ரகசியம் காக்கச் சொல்கிறீர்கள்? எனக்கு நடந்ததைக் கேளுங்கள். லெண்டிங் லைப்ரரியில் எடுத்த பிரதி. முதல் அத்தியாயத் தலைப்பிலேயே ஷெப்பர்டின் பெயர் இருக்கும். அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம், பக்கத்தில் “இவன்தான்”. ரப்பர் வைத்து அழிக்கப் பார்த்து இன்னொருவர் தாளையே கிழித்திருந்தார். ஆனாலும் படித்தேன். தெரிந்துகொண்டு படித்தால்தான் ருசியே. அக்கா கரோலின் வம்பு விசாரிக்கும்போதெல்லாம் இவன் உள்ளுக்குள் எப்படி வெந்திருப்பான் என்று பார்க்கலாம்.

தாழ்ப்பாள்:
அந்த வட்டத்தைப் போட்டதே நீங்களாக இருக்கும். ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் இழையில் யாரும் கேட்காமலே முடிவைப் போட்டு உடைத்த புண்ணியவான் யார் என்று நான் மறக்கவில்லை. அது கிடக்கட்டும், வாசுகிக்கு வருகிறேன். “விட்டுப்போனதா என்று யோசித்தேன்” என்ற வரியை வைத்துக்கொண்டு எவ்வளவு நாள் ஓட்டுவீர்கள்? நான் கேட்டது 8.40, 8.50. நடுவில் என்ன?

வாசுகி:
நடுவில் அக்ராய்ட், தற்கொலை செய்துகொண்ட திருமதி ஃபெராஸின் கடிதத்தைப் பிரித்துப் பாதி படிக்கிறார். மிரட்டிப் பணம் பறித்தவன் பெயர் வருகிற இடத்தில் நிறுத்திவிடுகிறார். மீதியையும் படிக்கச் சொல்லி டாக்டர் வற்புறுத்துகிறான், அவர் மறுக்கிறார். இதெல்லாம் இருக்கிறதே, முழுக்க வெற்றிடம் இல்லையே. அதற்கு மேல் என்ன நடந்தது என்பதற்குத் துப்பும் கிறிஸ்டி கையிலேயே கொடுக்கிறார். டாக்டர் வெளிக்கேட்டைத் தாண்டும்போது சர்ச் மணி 9 அடிக்கிறது. வீட்டிலிருந்து கேட்டுக்கு நடை 5 நிமிடம்தான். 8.50-க்குக் கிளம்பியவன் 9 மணி வரைக்கும் எங்கே நின்றான்? துப்பறிகிற புவாரோ பிடிப்பது இதைத்தான். புவாரோவுக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கிறது. கவனித்தீர்களா?

தாழ்ப்பாள்:
அது 8.50-க்குப் பிறகு. நான் கேட்டது 8.50-க்கு முன்னால். கேள்வியை மாற்றாதீர்கள்.
துப்பறியும் கதைகளுக்கு ரொனால்ட் நாக்ஸ் பாதிரியார் போட்ட பத்துக் கட்டளைகளைப் படித்திருக்கிறீர்களா? யாருடைய எண்ண ஓட்டத்தை வாசகர் பின்தொடர்கிறாரோ அந்த ஆள் குற்றவாளியாக இருக்கக்கூடாது. இது முதல் கட்டளை. ஒன்பதாவது, துப்பறிபவரின் அசட்டு நண்பன் தன் மனதில் ஓடுவதை மறைக்கக்கூடாது. ஷெப்பர்ட் இரண்டையும் காலில் போட்டு மிதிக்கிறான்.

வாசுகி:
நாக்ஸ் அதை எழுதியது 1929. நாவல் வந்தது 1926. மூன்று வருடம் கழித்துப் போட்ட சட்டத்துக்கு முன்தேதியிட்டு அபராதமா? 1930-ல் துப்பறியும் எழுத்தாளர்களின் சங்கமான டிடெக்‌ஷன் கிளப் தொடங்கியபோது நாக்ஸும் உறுப்பினர், கிறிஸ்டியும் உறுப்பினர். பின்னால் கிறிஸ்டி அதற்குத் தலைவராகவே இருந்தார். அவர்களுக்கு இல்லாத கோபம் உங்களுக்கு.

தாழ்ப்பாள்:
சங்கத்தில் சேர்த்துக்கொண்டால் செய்தது சரியாகிவிடுமா? எத்தனையோ சங்கம் பார்த்தாயிற்று. நேர்மை என்றால் என்னவென்று ஜான் டிக்சன் காரிடம் கற்றுக்கொள்ளுங்கள். 1935-ல் வந்த ‘தி ஹாலோ மேன்’. ஆரம்பத்திலேயே, இன்னின்ன சாட்சிகள் பொய் சொல்லவில்லை, பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறார்கள் என்று ஆசிரியரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார். பதினேழாவது அத்தியாயத்தில் துப்பறிகிற டாக்டர் ஃபெல் பூட்டிய அறைக் கொலைகளின் வகைகளையெல்லாம் பாடமாகவே நடத்துகிறார். அதுவும், நாம் ஒரு துப்பறியும் கதைக்குள் இருக்கிறோம், இல்லை என்று பாசாங்கு எதற்கு என்று சொல்லிவிட்டு! அந்தத் தைரியம் கிறிஸ்டிக்கு உண்டா?

வாசுகி:
வாருங்கள், வாருங்கள். சாட்சிகள் பொய் சொல்லவில்லை, சரி. அந்தத் தெருவில் கடைக் கடிகாரம் சரியான மணியா காட்டியது? அத்தனை சாட்சியும் நாணயமானவர்கள், கடிகாரம் மட்டும் தப்பு. அதை நம்பித்தான் மொத்தப் புதிரும் நிற்கிறது. உண்மையையே சொல்லி ஏமாற்றுவது டிக்சன் காருக்குத் தைரியம், கிறிஸ்டிக்கு மோசடியா?

அரைக்கண்:
ஹாலோ மேனும் போச்சா?! அதுவும் பட்டியலில் இருந்தது!

பழையபேப்பர்:
தம்பி, இந்தப் பக்கம் வராமல் இருப்பதுதான் உங்களுக்கு நல்லது.

தாழ்ப்பாள்:
கடிகாரத்தை யாரும் கையால் திருப்பவில்லை. அது கொலைகாரன் திட்டத்திலேயே இல்லாத விபத்து. வாசகரிடம் கடிகாரம் கதை சொல்லவில்லை அம்மா, ஷெப்பர்ட் சொன்னான். 8.40. 8.50. இதற்கு இன்னும் பதில் வரவில்லை.

குறுக்குச்சந்து:
ஒரு சின்ன விண்ணப்பம். பொய் என்று எதைச் சொல்கிறோம், மறைப்பது என்று எதைச் சொல்கிறோம் என்று முதலில் பேசி முடிவுசெய்துவிட்டால்...

கறுப்புப்பூனை:
என்ன விண்ணப்பம் கொடுத்தாலும் இவர்கள் கத்தியையும் ஊறுகாய் ஜாடியையும் விடப்போவதில்லை. பண்ணை வீடு, நூலகம், ஒரு பிணம், நான்கு மணிக்கு டீ. அமெரிக்கத் துப்பறியும் எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லர் 1944-லேயே இந்த வகையறாவைக் கிழித்துத் தொங்கவிட்டார். கொலை என்பது நிஜ மனிதர்கள் நிஜக் காரணத்துக்காகச் செய்வது. அடுத்த வருடம் விமர்சகர் எட்மண்ட் வில்சன் கட்டுரைக்குத் தலைப்பே, அக்ராய்டை யார் கொன்றால் யாருக்கு என்ன என்பதுதான். எனக்கும் அதே கேள்வி.

வாசுகி:
வில்சனின் தலைப்பை மட்டும் படித்தவர்கள் சங்கத்தின் செயலாளர் வந்துவிட்டார். அந்தக் கட்டுரையில் அவர் வறுத்தெடுப்பது டோரதி சேயர்ஸையும் நயோ மார்ஷையும். அக்ராய்ட் சும்மா தலைப்புக்கு. உள்ளே போய்ப் பாருங்கள்.

தாழ்ப்பாள்:
வாசுகி சொல்வதில் முதல்முறையாக உடன்படுகிறேன், கறுப்புப்பூனை விஷயத்தில் மட்டும். சாண்ட்லர் பேச வந்துவிட்டாரா? அவருடைய ‘தி பிக் ஸ்லீப்’ நாவலில் கார் டிரைவர் செத்துக் கிடக்கிறானே, கொன்றது யார்? படம் எடுக்கும்போது ஆசிரியருக்கே தந்தி அடித்துக் கேட்டார்கள், எனக்கும் தெரியாது என்றாராம். எழுதியவருக்கே தெரியாத கொலை! ஷெப்பர்டுக்காவது தான் செய்தது தெரியும்.

கறுப்புப்பூனை:
அந்த டிரைவரைத் தவிர வேறு எதுவும் உங்களுக்குத் தெரியாது. எந்த இழைக்குப் போனாலும் அதே டிரைவர். சாண்ட்லரின் பேச்சில் இருக்கும் உப்பும் உறைப்பும், மழையில் நனைந்த லாஸ் ஏஞ்சலீஸும் தெரியாது. டிரைவர், டிரைவர், டிரைவர்.

தாழ்ப்பாள்:
கொன்றது யார் என்று சொல்லிவிடுங்கள், விட்டுவிடுகிறேன்.

பழையபேப்பர்:
இத்தனைக்கும் ஹோம்ஸைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாட்சன் எதையாவது மறைத்தாரா?

வாசுகி:
வாட்சனிடம் ஹோம்ஸ் மறைத்ததை எண்ண ஆரம்பித்தால் விடிந்துவிடும் ஐயா. செத்துவிட்டதாக நம்பவைத்து, வருடக்கணக்கில் கழித்து, கிழட்டுப் புத்தக வியாபாரி வேஷத்தில் வந்து நின்று வாட்சனை மயக்கம் போட வைத்தவர்தானே.

பழையபேப்பர்:
அது மறைத்தது அல்ல. உயிருக்கு ஆபத்து. பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் மரியாதை வேண்டும்.

தாழ்ப்பாள்:
எல்லோரும் ஊர் சுற்றிவிட்டு வாருங்கள். நான் இங்கேயேதான் இருக்கிறேன். இப்போது இன்னொன்று. இரவு 10.15-க்கு டாக்டர் வீட்டில் தொலைபேசி அடிக்கிறது. பேசியது ரயில் நிலையத்திலிருந்து ஒரு கப்பல் பணியாள். இவனே ஏற்பாடு செய்து வைத்த அழைப்பு. போனை வைத்ததும் அக்காவிடம் என்ன கத்துகிறான்? பட்லர் பார்க்கர் போன் செய்தான், அக்ராய்டைக் கொன்றுவிட்டார்களாம் என்கிறான். இது பொய்யா இல்லையா? ஒரு பொய்கூட இல்லை என்று எழுதிய கை எங்கே?

வாசுகி:
அது அக்காவிடம் சொன்ன பொய். வாசகரிடம் இல்லை. மேற்கோள் குறிக்குள் இருக்கிறது பாருங்கள். கொலைகாரன் வீட்டில் பொய் சொல்லாமல் தேவாரமா பாடுவான்? போனில் பேசியது பார்க்கர் என்று கதைசொல்லியாக ஒரு வரிகூட அவன் எழுதவில்லை. பிணத்தைப் பார்த்த பிறகு பட்லரைப் போலீசுக்குப் போன் செய்ய அனுப்பிவிட்டு, “செய்யவேண்டிய சிறு வேலையைச் செய்தேன்” என்று எழுதுகிறான். அக்ராய்ட் உயிரோடு பேசுவதுபோல் காட்ட வைத்திருந்த டிக்டஃபோனை, அந்தக் குரல்பதிவு இயந்திரத்தைப் பைக்குள் தள்ளி, நாற்காலியை இடம் மாற்றியதுதான் அந்தச் சிறு வேலை. அவ்வளவும் உண்மை. எனக்கு இதைப் படிக்கும்போது இன்றும் சிலிர்க்கும்.

தாழ்ப்பாள்:
சிலிர்க்கட்டும். அப்படியானால் கடைசியில் ஷெப்பர்டே ஏன் சொல்கிறான், 8.40-க்குக் கடிதம் வந்தது என்ற அந்த முதல் வாக்கியத்துக்குப் பிறகு ஒரு வரிசை நட்சத்திரக் குறி போட்டிருந்தால் யாராவது அந்த 10 நிமிடத்தைச் சந்தேகித்திருப்பார்களோ என்று? போட்டிருக்க வேண்டிய நட்சத்திரத்தைப் போடவில்லை என்று குற்றவாளியே வாக்குமூலம் கொடுத்துவிட்டான். நீங்கள் அவனுக்கு வக்கீல்.

வாசுகி:
நட்சத்திரம் போடாதது பொய்யா? நீங்கள் எழுதுகிற பதிவுகளில் கமாகூட இல்லை, நான் ஏதாவது கேட்டேனா?

குறுக்குச்சந்து:
அதனால்தான் முதலில் பொய் என்றால் என்னவென்று...

தாழ்ப்பாள்:
கமா பற்றி வேறு இழை தொடங்குங்கள், அங்கே வந்து பேசுகிறேன். இங்கே 8.40, 8.50.

கறுப்புப்பூனை:
டிரைவர் தற்கொலை செய்துகொண்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. நாவலிலேயே அந்தச் சந்தேகம் வருகிறது. படித்திருந்தால் தெரிந்திருக்கும்.

தாழ்ப்பாள்:
வாய்ப்பு உண்டாம்! கொலையா தற்கொலையா என்பதே வாய்ப்பில் ஓடுகிற துப்பறியும் நாவல். இதைத்தான் கேட்டேன், நன்றி.

அரைக்கண்:
பிக் ஸ்லீப்பும் பட்டியலில் இருந்தது.