நாற்பதுக்கு மேல் மறுபடி ஸ்கேட்டிங்: சரியா, வீண் வேலையா?

வேலந்தாவளம் அக்கா:
பன்னிரண்டு வயது வரை கோவையில் நாலு சக்கர ஷூ கட்டி, குதித்தும் சுழன்றும் ஆடுகிற ஆர்ட்டிஸ்டிக் ஸ்கேட்டிங் கற்றேன். அப்புறம் படிப்பு, கல்யாணம், பிள்ளைகள், மாடு கன்று என்று 29 வருடம் ஓடிவிட்டது. இப்போது வயது 41. போன சித்திரையில் அறுப்பு முடிந்து களம் காலியானதும் வீட்டு நெல் களத்திலேயே மறுபடி ஆரம்பித்தேன். காலை ஐந்தரைக்கு இறங்கினால் பாதி நேரம் பெருக்கவே சரியாக இருக்கும், ஒரு சின்னக் கல் போதும் சக்கரம் நின்றுவிட. இந்த வயதில் எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. ஐஸ் தளத்தில் ஸ்கேட்டிங் செய்கிற பெரியவர்களுக்கு ஜெர்மனியின் ஓபர்ஸ்டார்ஃபில் தனிப் போட்டியே நடக்கிறது, 28 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. டியானா ஸ்டெல்லாட்டோ-டூடெக் என்ற ஐஸ் ஸ்கேட்டர் இடுப்புக் காயத்தால் சின்ன வயதில் விட்டுவிட்டு, 16 வருடம் கழித்துத் திரும்பி வந்து, 2024இல் 40 வயதில் கனடாவுக்காக ஜோடிப் பிரிவில் உலகப் பட்டம் வாங்கினார். வயதைச் சொல்லி என்னை நிறுத்த வேண்டாம்.

புளியரை அண்ணன்:
தங்கச்சி, அந்த அம்மாவை நமக்கு உதாரணம் சொல்லாதீர்கள். அவர் 2000த்திலேயே ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி வாங்கியவர். திரும்பி வந்தபோது பயிற்சியாளர், பனித்தளம், வைத்தியம் எல்லாம் பக்கத்தில் இருந்தது. நம் கதையைக் கேளுங்கள். வளைகுடாவில் வேலை பார்த்தபோது ஒரு மாலில் வாடகை ஷூ போட்டுக்கொண்டு ஐஸில் இறங்கினேன், அப்போது 44 வயது. கணுக்கால் பக்கம் தொளதொளவென்று இருந்த ஷூ. ஓரத்துக் கம்பியை விட்ட இரண்டாவது நிமிடம் விழுந்தேன், விழுகிறவன் என்ன செய்வான், கையை ஊன்றினேன். மணிக்கட்டு முறிந்து உள்ளே உலோகத் தகடு வைத்தார்கள். மூன்று மாதம் ஸ்டீயரிங் பிடிக்க முடியாமல், ஊருக்கு வந்து வீட்டு நகை அடகுக்குப் போனது. இன்றைக்கும் ஆரியங்காவு ஏற்றத்தில் லாரியின் கியர் மாற்றும்போது வலிக்கிறது. கூலிக்கும் வண்டிக்கும் போகிறவர்கள் வீட்டில் ஒரு எலும்பு முறிந்தால் அது குடும்பத்தின் முறிவு. பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் வயதில் எலும்பு வேறு வேகமாக மெலியும், நீங்கள் அந்த வயதை நோக்கிப் போகிறீர்கள்.

நகரி தம்பி:
அண்ணா சொன்னதில் பாதி சரி. 33 வயதில் குருகிராமில் வேலையாக இருந்தபோது அங்கே ஐஸ் ரிங்கில் அடியிலிருந்து கற்றுக்கொண்டவன் நான். முதல் வாரம் கற்றுக்கொடுத்தது விழுவதற்குத்தான். முழங்காலை மடக்கி, கை விரல்களைப் பொத்தி, பக்கவாட்டில் தொடையும் இடுப்பும் தரையில் படும்படி சாய வேண்டும். கையை நீட்டி ஊன்றுவதுதான் மணிக்கட்டை உடைப்பது. அதை யாரும் உங்களுக்குச் சொல்லாமல் இறக்கிவிட்டார்கள், அதற்கு வயதைக் குற்றம் சொல்லக் கூடாது.
ஆனால் அக்கா, சக்கரத்தில் பழகினால் ஐஸ் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஐஸில் பிளேடைக் குறுக்கே தேய்த்து நிற்கலாம், சிமெண்டில் அது நடக்காது, முன்னால் இருக்கிற ஸ்டாப்பரைத்தான் நம்ப வேண்டும். சக்கரப் பழக்கத்தில் கால் விரலால் தள்ளுகிறவர்கள் ஐஸில் பிளேடின் முன்பல் தட்டி முகம் குப்புற விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

வேலந்தாவளம் அக்கா:
தம்பி, ஐஸுக்குப் போகிற எண்ணமே எனக்கு இல்லை. இந்தக் களம்தான் என் ரிங்க். அண்ணா, உங்கள் கைக்கு நேர்ந்ததைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. மணிக்கட்டுக் காப்பும் முழங்கால் காப்பும் ஹெல்மெட்டும் இல்லாமல் நான் இறங்குவதில்லை. எலும்பு பற்றி டாக்டரிடம் கேட்கிறேன், அதை ஒப்புக்கொள்கிறேன்.
ஆனால் நீங்கள் நினைக்கிற ஸ்கேட்டிங் வேறு, நான் செய்வது வேறு. ஃபிகர் ஸ்கேட்டிங் என்ற பெயரே தரையில் வரைகிற வட்டத்திலிருந்து வந்ததுதான். 1990 வரை ஐஸ் உலகப் போட்டியில் அதற்குத் தனி மதிப்பெண் இருந்தது. என் உயரம் ஐந்தடி, வட்டத்தின் விட்டம் ஆளின் உயரத்தைப் போல மூன்று மடங்கு, அதனால் கயிறு கட்டிச் சாக்பீஸால் பதினைந்தடிக்கு இரண்டு வட்டம் எட்டு போல ஒட்டிப் போடுகிறேன். ஒரே காலில், ஒரே தள்ளில், கோட்டை விடாமல் சுற்றி வர வேண்டும். சக்கர அச்சின் ரப்பரைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன், இப்போது உடம்பைச் சாய்த்தாலே ஷூ வளைகிறது. சின்ன வயதில் குதிக்கத்தான் ஆசைப்பட்டேன், இந்தச் சாய்வு அப்போது எனக்குப் புரியவே இல்லை, இப்போது அரை மணி நேரம் ஒரே வட்டத்தில் போகப் பொறுமை இருக்கிறது.

புளியரை அண்ணன்:
தரையில் வட்டம் போடுவதென்றால் எனக்கு எதிர்ப்பு குறைவு. அதுவும் குறைவுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆறு மாதம் போனால் கால் சும்மா இருக்காது. அரைச் சுற்று குதிக்கிற வால்ட்ஸ் ஜம்ப், நின்ற இடத்தில் சுழல்கிற ஸ்பின் என்று ஆசை வரும். அப்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்? ஐந்தரை மணிக்கு, களத்தில், தனியாக. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

வேலந்தாவளம் அக்கா:
மகள் பதினொன்றாவது படிக்கிறாள், களத்து மேட்டில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். அவள் இல்லாத நாளில் இறங்க மாட்டேன், இதை உங்களுக்காகவே இன்று முடிவு செய்தேன் அண்ணா. ஜம்ப் பற்றி வாக்குக் கொடுக்க மாட்டேன், ஆசை வந்தால் சொல்லிக்கொடுக்க ஆள் தேடிக் கோவைக்குப் போவேன்.
தம்பி, ஒன்று கேட்க வேண்டும். முன்னால் போகும்போது வெளி எட்ஜில், அதாவது பாதத்தின் வெளி ஓரத்தில் சாய்ந்து போனால், வட்டம் மூடிவிடுகிறது. பின்னால் போகும்போது முக்கால் வட்டத்தில் உள்ளே விழுந்துவிடுகிறேன். இந்த ஆடி மாதக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து தள்ளுவதாலா, இல்லை என் தோளா?

நகரி தம்பி:
காற்றில்லாத நாளிலும் அப்படித்தான் என்றால் தோள்தான். இடது காலில் பின்னால் போகிறபோது தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மகளிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள் அக்கா.