மதத்தை விட்ட பிறகு, உலக வறுமையின் முன் என் துயரத்தை எங்கே வைப்பது?

கரையோரம் (கேள்வி):

பிறந்தது முதல் இருந்த மதத்தை விட்டு வெளியே வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. எந்த மதம் என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். எதை விட்டவருக்கும் இந்த நிலை வரக்கூடும் என்றே நினைக்கிறேன். பெற்றோருடனான பேச்சு ஏறத்தாழ நின்றுவிட்டது. நெருங்கிய நண்பர்கள் விலகிவிட்டார்கள். என் வாழ்க்கை எதற்காகவோ குறிக்கப்பட்டது என்ற உறுதியும் போய்விட்டது. சில இரவுகளில் இது தாங்க முடியாததாக இருக்கிறது.

அந்தத் துயரத்தைச் சொல்லி ஆறுதல் கேட்க நான் இங்கே வரவில்லை. அதற்காக வருந்த எனக்கு உரிமை உண்டா என்பதே என் கேள்வி. நம்பிக்கையோடு இருந்த காலத்தில் உலகின் வறுமை என்னை இந்த அளவுக்கு வதைத்ததில்லை. பசியில் இறக்கும் குழந்தைக்கு மறுமையில் ஈடு கிடைக்கும், நமக்குத் தெரியாத ஒரு பெரிய கணக்கில் எல்லாம் நேர்செய்யப்படும் என்று நம்பினேன். அந்தக் கணக்கை எழுதுபவர் யாரும் இல்லை என்று ஆன பிறகு, அந்தக் குழந்தையின் சாவு ஈடே இல்லாத வெறும் சாவாக நிற்கிறது. உலக வங்கி 2025-இல் திருத்தியமைத்த அளவுகோலின்படி, நாளொன்றுக்கு 3 டாலருக்கும் குறைவாகக் கொண்டு வாழ்பவர்கள் சுமார் 80 கோடிப் பேர். அந்த 3 டாலரும் நாணயமாற்றுக் கணக்கில் வருவதல்ல, அமெரிக்காவில் அந்தத் தொகைக்கு என்ன கிடைக்குமோ அவ்வளவு பொருளை மட்டுமே குறிப்பது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து வயது நிறையும் முன்பே இறந்த குழந்தைகள் 49 லட்சம். இவற்றைப் படித்துவிட்டு, வயிறு நிறைந்தவனின் புலம்பல் என்று என் துயரத்தை நானே ஏளனம் செய்து அடக்கிவிடுகிறேன். அது அடங்குகிறதே தவிரத் தீர்வதில்லை.

ஆனால் இந்த ஒப்பீட்டை விட்டுவிடவும் என்னால் முடியவில்லை. வேலை கிடைத்ததற்கும் காய்ச்சல் தணிந்ததற்கும் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், அதே நாளில் கேட்டும் கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்று எழுந்த எண்ணம்தான் என்னை வெளியே கொண்டுவந்தது. அவர்களை மறந்து என் காயத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், வெளியே வந்த காரணத்தையே காட்டிக்கொடுத்தது போல் ஆகாதா?

நெடுங்கணக்கு:

உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன என்று தோன்றுகிறது: எனக்கு எவ்வளவு வலிக்கலாம் என்பது ஒன்று, நான் பிறருக்கு என்ன செய்யக் கடமைப்பட்டவன் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு எண்ணிக்கையால் விடை காண முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டின் தத்துவ அறிஞர் ஆடம் ஸ்மித் இதையே ஓர் எடுத்துக்காட்டால் காட்டினார். தொலைவிலுள்ள சீனம் முழுவதும் நிலநடுக்கத்தில் அழிந்தது என்று கேள்விப்படும் ஐரோப்பியர் ஒருவர் வருந்துவார், மனித வாழ்வின் நிலையாமையைப் பற்றிச் சிந்திப்பார், பிறகு நன்றாகத் தூங்குவார்; நாளை தம் சுண்டுவிரல் போய்விடும் என்றாலோ அன்றிரவு அவருக்குத் தூக்கம் வராது. இதை மேற்கோள் காட்டுபவர்கள் பலரும் மனிதனின் தன்னலத்துக்குச் சான்றாக இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஸ்மித் அடுத்ததாகக் கேட்ட கேள்விதான் முக்கியமானது: அந்த விரலைக் காப்பதற்காக அத்தனை உயிர்களைப் பலிகொடுக்க அந்த மனிதர் சம்மதிப்பாரா? மாட்டார். உணர்ச்சி விரலுக்கே அதிகம் துடித்தாலும், அறிவும் மனச்சாட்சியும் வேறு அளவையால் நிறுக்கின்றன. ஆகவே உங்கள் உணர்ச்சியை 80 கோடிக்கு ஏற்பச் சுருக்கவோ விரிக்கவோ முயல வேண்டாம். அது எவராலும் ஆகாத வேலை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது குற்றச்சாட்டு அல்லவே, உடம்பைப் பற்றிய ஒரு செய்திதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வருந்த உரிமை உண்டா என்று நீங்கள் கேட்கும் விதமே மதத்துக்குள் பழகியது போல இருக்கிறது. பல மரபுகளில் துயரப்படுவது நன்றிகெட்ட செயலாக எண்ணப்படுகிறது; துயரத்தைச் சொல்லும் முன் அதற்குத் தகுதி உண்டா என்று மேலே ஒருவரிடம் அனுமதி பெற வேண்டும். அந்த இருக்கை காலியானதும் உலகத்து ஏழைகளைக் கொண்டுபோய் அதில் அமர்த்தியிருக்கிறீர்கள். அவர்கள் அந்தப் பதவியைக் கேட்கவில்லை.

மூன்றாம் படி:

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் வறுமையில் வாழ்பவர்களைப் பற்றிய ஒரு தவறான படம் கேள்வியிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். அவர்களுக்குப் பசி, நமக்கு மனவேதனை என்று பங்கு பிரித்தாற்போல் எழுதுகிறோம். பெற்றோர் பேசாமல் போவதும், வாழ்க்கையின் பொருள் நழுவுவதும், இரவில் தூக்கம் வராததும் அவர்களுக்கும் நேர்கின்றன, பசியோடு சேர்ந்தே நேர்கின்றன. தாழ்ந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் மனநலக் குறைபாடு உள்ளவர்களில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டோருக்குச் சிகிச்சையே கிடைப்பதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

ஜிம்பாப்வேயில் 2006-இல் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் தொடங்கிய ஒரு திட்டத்தைப் பற்றி நீங்கள் படித்துப் பார்க்கலாம். மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருந்த நாடு அது. அங்கே முதிய பெண்களுக்குப் பயிற்சி அளித்து, மருத்துவ நிலையங்களின் வெளியே ஒரு மர பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வருபவர் பேசுவார், பாட்டி கேட்பார், பல சிக்கல்களில் எதை முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். 2016-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதங்களுக்குப் பிறகு, அவ்வாறு பேசியவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களைக் காட்டிலும் தெளிவாகக் குறைந்திருந்தன. உன்னைவிடக் கஷ்டப்படுபவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்புவது அந்தப் பாட்டிகளுக்கு மிக எளிது. எதிரே இருந்தவர்களைவிட அவர்கள் வசதியானவர்களும் அல்லர். இருந்தும் அவர்கள் செய்தது அதுவன்று. கடும் வறுமையில் இருப்பவரின் மனவேதனையை ஒப்பிடாமல் கேட்க முடியுமானால், உங்களுடையதையும் அவ்வாறே கேட்கலாம்.

உப்புக்காற்று:

எல்லோரும் ஒப்பிடாதே என்று சொல்வதால் மாற்றுக் கருத்தை எழுதுகிறேன். எனக்கு ஒப்பீடு நன்மையே செய்தது. மதத்தை விட்டு வந்தவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு: வெளியே வந்த கதையே உலகின் நடுவாகிவிடும். அதைச் சொல்வோம், திரும்பச் சொல்வோம், கேட்க ஆள் இல்லாவிட்டால் புதியவர்களைத் தேடுவோம். நானும் அவ்வாறே இருந்தேன். என்னை அதிலிருந்து அசைத்தது யாருடைய ஆறுதலும் அல்ல, நீங்கள் எழுதியது போன்ற எண்களே.

ஆனால் அந்த எண்ணின் மறுபாதியையும் நான் படித்தேன். 2022-இல் 49 லட்சமாக இருந்த குழந்தை மரணம், 1990-இல் 1.2 கோடிக்கும் மேல் இருந்தது. தடுப்பூசி, சர்க்கரையும் உப்பும் கலந்த நீர், கொசுவலை, தாய்மாரின் கல்வி என்று பெயர் சொல்லக்கூடிய காரணங்கள் அதற்கு உண்டு. (அந்த வேலையைச் செய்தவர்களில் நம்பிக்கையாளர்களும் ஏராளம் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.) ஈடு செய்யும் கணக்கு மறுமையில் இல்லை என்பது உண்மைதான், ஆனால் சாவுகளின் எண்ணிக்கை இங்கேயே குறைந்திருக்கிறது. வாழ்வின் நோக்கம் போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதன் ஒரு துண்டு இங்கேதான் திரும்பக் கிடைத்தது. துயரத்தை அடக்க ஒப்பீட்டைப் பயன்படுத்தினால் அது நஞ்சு என்பதை ஒப்புக்கொள்கிறேன்; துயரத்தைத் தாண்டி ஜன்னலைத் திறக்கவும் அது பயன்படும் என்பதை மட்டும் மறுக்காதீர்கள்.

நெடுங்கணக்கு:

மறுக்கவில்லை. உங்களை அசைத்தது ஒப்பீட்டைவிட, செய்வதற்கு ஏதோ இருக்கிறது என்ற அறிவு என்றே நான் வாசிக்கிறேன்.

அரைநிலா:

நடைமுறை சார்ந்த ஒன்று. மதத்தை விடும்போது பலருக்குக் கொடுக்கும் பழக்கமும் சேர்ந்தே அறுந்துவிடுகிறது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, சேமிப்பில் நாற்பதில் ஒரு பங்கு என்றெல்லாம் மதங்கள் வகுத்து வைத்திருந்ததில் ஒரு பெரும் வசதி இருந்தது: கொடுத்த பிறகு மனம் அதை மீண்டும் மீண்டும் பேரம் பேசாது. வரம்பு இல்லாமல் போனதும் ஒவ்வொரு செலவும் ஒரு குழந்தையின் உயிரோடு ஒப்பிடப்பட்டு, ஒவ்வோர் இரவும் விசாரணை நடக்கிறது. பெரும்பாலும் கொடுப்பது மட்டும் நடப்பதில்லை. மதச்சார்பற்றவர்களும் இதை உணர்ந்தே, 2009-இல் ஆக்ஸ்போர்டில் தொடங்கிய 'கிவிங் வாட் வீ கேன்' போன்ற அமைப்புகளில் பத்து விழுக்காடு என்று உறுதி எடுத்துக்கொள்கிறார்கள். பத்துதான் என்றில்லை, உங்களால் தாங்கக்கூடிய ஒரு பங்கை ஆண்டுக்கு ஒருமுறை நிதானமாக முடிவு செய்து, தானாகவே கணக்கிலிருந்து போகும்படி வைத்துவிடுங்கள். அந்த ஒரு நாளில் 80 கோடியையும் 49 லட்சத்தையும் எவ்வளவு வேண்டுமானாலும் நினையுங்கள், நினைக்கத்தான் வேண்டும். மற்ற நாட்களில் பெற்றோரை எண்ணி அழுகை வந்தால் அழலாம். அதனால் யாருக்கும் போக வேண்டிய ஒரு பைசாவும் குறையப் போவதில்லை.

எங்கே கொடுப்பது என்று குழம்பினால், ஏழைக் குடும்பங்களுக்கு நிபந்தனையின்றிப் பணமாகவே கொடுப்பதைப் பற்றிக் கென்யாவில் நடந்த ஆய்வைப் பாருங்கள். பெற்றவர்களின் செலவழிக்கும் திறனோடு மனநலமும் மேம்பட்டது என்பது அதன் முடிவு. மூன்றாம் படி எழுதியதற்கு அது இன்னொரு பக்கத்துச் சான்று.

கரையோரம்:

அனைவருக்கும் நன்றி. இருக்கையைப் பற்றி நெடுங்கணக்கு எழுதியது உறைத்தது. அதை ஏற்க எனக்கு இன்னும் கொஞ்சம் காலம் தேவைப்படலாம். உப்புக்காற்று சொன்ன சரிவை நான் அறிந்திருந்தும் ஒருபோதும் ஆறுதலாக எடுத்துக்கொண்டதில்லை, ஏனெனில் குறைந்த எண்ணிக்கை மீதமுள்ள 49 லட்சத்துக்கு எதையும் சொல்வதில்லை. இன்னமும் அப்படியே கருதுகிறேன். கொடுக்கும் பங்கை இந்த மாதமே முடிவு செய்துவிடுகிறேன். நம்பிக்கையை விட்டபோது கொடுப்பதையும் நிறுத்தியிருந்தேன் என்பதை அரைநிலா எழுதிய பிறகே கவனித்தேன்.

இதற்குத் தொடர்பாக ஒன்று: வெளியே வந்த பிறகு பெற்றோருடன் மீண்டும் பேசத் தொடங்கியவர்கள் இங்கே யாரேனும் உண்டா?

மூன்றாம் படி:

உண்டு, நான். மதத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றி என்ற உடன்பாட்டோடு என் தாயார்தான் முதலில் பேசினார். அந்த உடன்பாடு எளிதாக வந்ததல்ல, அடிக்கடி முறியவும் செய்கிறது. இதைத் தனிக் கேள்வியாகப் பதிவிடுங்கள், விரிவாக எழுதுகிறேன்.