பனிமலைப் பதக்கமும் கௌரவப் பதவியும் ஆவணத்தில் இல்லை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: பனிமலை ஹவில்தார்

வணக்கம். 1985 ஜனவரியில் தரைப்படையில் சிப்பாயாகச் சேர்ந்தேன். 24 ஆண்டுகள் முடித்து 2009 ஜனவரி 31 அன்று ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். சில மாதங்கள் கழித்து, ஹவில்தாருக்கு அடுத்த மேல்பதவியான நாயப் சுபேதார் எனக்குக் கௌரவப் பதவியாக வழங்கப்பட்டிருப்பதாக, எங்கள் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. என் அப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். 'சுபேதார்' என்ற சொல்லைக் கண்டுபிடித்து அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கடிதத்துக்குப் பிறகு வரவேண்டிய திருத்திய பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை) இன்றுவரை வரவில்லை. பழைய பி.பி.ஓ.வில் ஹவில்தார். அதைப் பார்த்து எழுதிய முன்னாள் படைவீரர் அடையாள அட்டையிலும் ஹவில்தார். படைவீரர் ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்திலும் அதே. மூன்று முறை விண்ணப்பித்தேன். இரண்டுக்குப் பதில் இல்லை. ஒன்றுக்கு, பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரு வரி வந்தது.

இது பாதிக் கதைதான். ஓய்வு பெறும்போது தரும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில், பதக்கங்களுக்கான பக்கத்தில் சைன்ய சேவா பதக்கம் இருக்கிறது, ஒன்பது ஆண்டு, இருபது ஆண்டு நீண்டகாலப் பணிப் பதக்கங்கள் இருக்கின்றன, சுதந்திரப் பொன்விழாப் பதக்கம் இருக்கிறது, ஆபரேஷன் விஜய், ஆபரேஷன் பராக்ரம் இரண்டும் இருக்கின்றன. சியாச்சின் பதக்கம் மட்டும் இல்லை.

1992-ல் லான்ஸ் நாயக்காக இருந்தபோது சியாச்சின் பனிமலை ஏறினேன். அடிவார முகாமில், வீரர்கள் காவல் தெய்வமாகக் கும்பிடும் ஓ.பி. பாபா கோயிலில் நின்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டு, ஒரே கயிற்றில் வரிசையாகக் கட்டிக்கொண்டு நடந்தோம். போஸ்ட்டில் மூன்று மாதம். குளிர்காயும் மண்ணெண்ணெய் அடுப்பான புக்காரியின் கரி மூக்கிலும் தொண்டையிலும் படிந்து, கீழே இறங்கி ஒரு வாரம் ஆன பிறகும் கறுப்பாகவே துப்பிக்கொண்டிருந்தோம். அந்தக் கயிற்றில் எனக்கு முன்னால் நடந்தவன் திரும்பி வரவில்லை. பனிப்பிளவை மூடியிருந்த பனி அவன் காலடியில் உடைந்தது.

பதக்கம் யூனிட்டில் என் கையில் கொடுக்கப்பட்டது. இன்றும் வீட்டில் இருக்கிறது. ஆனால் சென்ற ஆண்டு நான் எழுதிக் கேட்டதற்கு, "தங்கள் ஆவணங்களில் இதற்கான பதிவு இல்லை" என்று பதில் வந்திருக்கிறது. நான் அங்கே இருந்தேன் என்பதையே ஒரு காகிதம் மறுக்கிறது. என்னால் அதை ஏற்க முடியவில்லை. எனக்கு முன்னால் நடந்தவன் எப்படிப் போனான் என்பதை அவன் வீட்டாரிடம் சொன்னவன் நான்.

இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்பதா, தனித்தனியாகவா? நேராக ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போய்விடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பழைய ஹெட் கிளார்க்

நாயப் சுபேதார் சாப், ராம் ராம். பதவி வழங்கிய கடிதம் உங்களிடம் இருக்கிறது. ஆகவே நான் அப்படித்தான் அழைப்பேன்.

நான் கிளார்க் டிரேடில் சுபேதாராக ஓய்வு பெற்றவன். இந்தக் காகிதங்களை எழுதிய கை என்னுடையது என்பதால் தவறு எங்கே நடக்கும் என்று தெரியும். படையில் ஒருவரின் வாழ்க்கையில் எது நடந்தாலும், பதவி உயர்வோ திருமணமோ குழந்தையோ பதக்கமோ, யூனிட் அதைப் பதிவுசெய்து பார்ட் டூ ஆர்டர் என்ற ஆணையை வெளியிடும். அது ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போய், உங்கள் பணிப் பதிவேடான ஷீட் ரோலில் ஏறும். டிஸ்சார்ஜ் புத்தகம் அந்த ஷீட் ரோலைப் பார்த்து எழுதப்படுவது. ஆகவே "பதிவு இல்லை" என்ற பதிலுக்கு, நீங்கள் பனிமலைக்குப் போகவில்லை என்று பொருள் இல்லை. பார்ட் டூ ஆர்டர் உங்கள் ஷீட் ரோலை வந்து சேரவில்லை என்றுதான் பொருள். ஆர்டரே வெளியாகாமல் இருந்திருக்கலாம், அல்லது வேறு ஒருவர் பேரில் ஏறியிருக்கலாம். எது நடந்தது என்று தெரியாமல் இன்னும் பத்து விண்ணப்பம் போட்டாலும் இதே பதில்தான் வரும்.

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். பதக்கத்தை எடுத்து அதன் விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஆர்மி நம்பர், ரேங்க், பெயர் பொறித்திருக்கிறதா? இருந்தால் ஒவ்வொரு எழுத்தையும் டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து எழுதுங்கள்.

அடுத்தது ஷீட் ரோலின் நகல். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு உங்கள் ரெக்கார்ட் ஆபீஸின் மத்தியப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதில் குறையைச் சொல்லி அழ வேண்டாம். நியாயமும் கேட்க வேண்டாம். "என் ஷீட் ரோலின் முழு நகல், 1992 முதல் 1995 வரை என் பெயரில் வெளியான பார்ட் டூ ஆர்டர்களின் நகல், கௌரவப் பதவி தொடர்பாக ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்பிய கடிதத்தின் நகல்" என்று ஆவணத்தை மட்டும் கேளுங்கள். "ஏன் தரவில்லை" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள்.

பனிமலைக்குப் போனதற்கு இன்னொரு சாட்சி உண்டு. பலர் மறந்துவிடுவது அது. அங்கே இருந்த மாதங்களுக்குச் சியாச்சின் படி கொடுத்திருப்பார்கள். அது சம்பளக் கணக்கு அலுவலகத்தின் பேரேட்டில் ஏறியிருக்கும். பழைய சம்பளக் கணக்குத் தாள் ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடந்தாலும் போதும். கூட இருந்தவர்கள் இரண்டு பேரிடம், அவர்களின் டிஸ்சார்ஜ் புத்தக நகலோடு உறுதிமொழிப் பத்திரம் வாங்கினால் இன்னும் பலம்.

இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்க்காதீர்கள். பதக்கத்தை ஒரு பிரிவு பார்க்கும், ஓய்வூதியத்தை வேறு பிரிவு பார்க்கும். ஒரே காகிதமாகப் போனால் முதலில் கையில் எடுப்பவர் தன் பகுதிக்குப் பதில் எழுதிக் கோப்பை மூடிவிடுவார்.

இப்போது பதவி. 2006-க்கு முன் கௌரவ நாயப் சுபேதாருக்கு மாதம் 100 ரூபாய் கூடுதல், அவ்வளவுதான். ஆறாவது சம்பளக் குழுவுக்குப் பிறகு, 2009 ஜூன் 12 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சகக் கடிதப்படி, 1.1.2006 முதல் ஓய்வு பெற்றவர்களுக்கு இந்தக் கௌரவப் பதவி ஓய்வூதியத்துக்கு முழு நாயப் சுபேதார் பதவியாகவே கொள்ளப்படும். நீங்கள் 2009. உங்களுக்கு அது நேரடியாகப் பொருந்துகிறது. ரெக்கார்ட் ஆபீஸ் உறுதிசெய்து அனுப்பினால்தான் பிரயாக்ராஜில் உள்ள ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்திலிருந்து திருத்திய பி.பி.ஓ. வரும். ரேங்கை ஸ்பர்ஷில் நாமாக மாற்றிக்கொள்ள முடியாது. ஒரே பதவி ஒரே ஓய்வூதிய அட்டவணையும் பதவியையும் பணிக்காலத்தையும் வைத்துப் போடப்படுவது, பி.பி.ஓ.வில் ரேங்க் தவறாக இருந்தால் ஒவ்வொரு திருத்தத்திலும் அந்தத் தவறு கூடவே வரும்.

தீர்ப்பாயத்துக்கு இப்போதே போக வேண்டாம். 2007-ம் ஆண்டுச் சட்டப்படி முதலில் துறையிடம் முறையிட்டிருக்க வேண்டும். முறையீடு கொடுத்து ஆறு மாதம் முடிவு வராவிட்டால் அங்கே போகலாம். சென்னையில் கிளை இருக்கிறது. அதற்கும் காலக்கெடு உண்டு. ஓய்வூதியம் மாதாமாதம் தொடரும் இழப்பு என்பதால் தாமதத்தை ஓரளவு பொறுப்பார்கள். ஆனால் 2008-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னபடி, நிலுவைத் தொகை பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குத்தான் கிடைக்கும். நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பின்னாலிருந்து ஒரு மாதம் கழிகிறது. ஆகவே இந்த வாரமே முறையீட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

பதில்: நாயக்கின் மனைவி

அண்ணா, உங்கள் மனைவியின் பெயரையும் பிறந்த தேதியையும் இன்றே பி.பி.ஓ.வில் பாருங்கள். என் கணவர் தன் பதவியைத் திருத்த ஆறு ஆண்டுகள் அலைந்தார். அது நடப்பதற்குள் போய்விட்டார். அதன் பிறகுதான் என் பெயர் அவருடைய ஆவணத்தில் ஓர் எழுத்து மாறி இருப்பது தெரிந்தது. குடும்ப ஓய்வூதியம் தொடங்கப் பதினான்கு மாதம் ஆனது. இறப்புச் சான்றிதழையும் திருமணச் சான்றையும் தூக்கிக்கொண்டு எத்தனை மேசைக்கு முன்னால் நின்றேன் என்று எனக்குத்தான் தெரியும். நான் அவருடைய மனைவிதான் என்று அந்நியர்களிடம் நிரூபிக்க வேண்டியிருந்தது.

உங்கள் பி.பி.ஓ.வில் இருக்கும் பதவியை வைத்துத்தான் நாளைக்கு அண்ணியின் ஓய்வூதியமும் வரும். எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று அவருக்குக் காட்டிக் கொடுங்கள். ஒரு கோப்பில் போட்டு, மேலே உங்கள் ஆர்மி நம்பரைப் பெரிதாக எழுதி வையுங்கள். என் கணவர் எல்லாவற்றையும் மனத்தில் வைத்திருந்தார்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி இயக்குநரைப் பார்த்து, உங்கள் விண்ணப்பத்தோடு அவருடைய பரிந்துரைக் கடிதத்தையும் இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு அதற்குப் பிறகுதான் பதில்கள் வேகமாக வந்தன.

பதில்: சிக்னல்காரன்

சாப், கோபித்துக்கொள்ள வேண்டாம். பதவிக்குப் போராடுங்கள், அதில் பணம் இருக்கிறது, அண்ணிக்குப் பாதுகாப்பு இருக்கிறது. பதக்கம் உங்கள் கையிலேயே இருக்கும்போது புத்தகத்தில் ஒரு வரிக்காக இந்த வயதில் அலைய வேண்டுமா? உங்களோடு இருந்தவர்களுக்குத் தெரியும், அது போதாதா?

இன்னொன்று. பாதி நிலுவையைக் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்று சொல்லும் ஆட்கள் நம்மைத் தேடி வருகிறார்கள். அசல் டிஸ்சார்ஜ் புத்தகத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் கொடுத்துவிட்டு, இன்று நகல்கூட இல்லாமல் நிற்கிறார்.

பதில்: பனிமலை ஹவில்தார்

சிக்னல்காரரே, கோபம் இல்லை. ஆனால் ஒப்புக்கொள்ளவும் இல்லை. என்னோடு அந்தப் போஸ்ட்டில் இருந்த எட்டுப் பேரில் மூன்று பேர் இப்போது இல்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் போன பிறகு காகிதம்தான் பேசும். அது பொய் சொல்லிக்கொண்டிருக்க நான் விட்டுவிட்டுப் போக மாட்டேன்.

சுபேதார் சாப், நீங்கள் சொன்னபடி பதக்கத்தின் விளிம்பைப் பார்த்தேன். 30 ஆண்டுகளாக ஒவ்வொரு குடியரசு தினத்துக்கும் அதைத் துடைத்துச் சட்டையில் குத்தியிருக்கிறேன். அந்த விளிம்பை ஒருநாளும் படித்ததில்லை. என் பெயர் சரி. லான்ஸ் நாயக் என்பதும் சரி. ஆர்மி நம்பரில் ஐந்தாவது, ஆறாவது இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன. கடைசியில் இருக்கும் எழுத்து மட்டும் என்னுடையதே. என் மகள்தான் முதலில் பார்த்தாள். நான் நம்பாமல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மூன்று முறை பார்த்தேன்.

மனைவியின் பெயர் சரியாக இருக்கிறது, தங்கையே. பிறந்த தேதியில் ஆண்டு மட்டும் தவறு. நீங்கள் சொல்லாவிட்டால் பார்த்திருக்கவே மாட்டேன். அதற்கும் தனி விண்ணப்பம் எழுதிவிட்டேன்.

பதில்: பழைய ஹெட் கிளார்க்

கிடைத்துவிட்டது சாப். கடைசி எழுத்துதான் உங்கள் சாட்சி. அந்த எழுத்து விருப்பப்படி வைப்பது அல்ல; இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வருவது. எண் தவறினால் கண்டுபிடிப்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். இலக்கம் மாறிய எண்ணோடு உங்கள் எழுத்து நிற்கிறது என்றால், டைப் அடித்தவரின் கைப்பிழை என்று விண்ணப்பத்தில் தெளிவாக எழுதலாம். பார்ட் டூ ஆர்டரும் அந்தத் தவறான எண்ணிலேயே வெளியாகியிருக்க வாய்ப்பு அதிகம். தகவல் உரிமை மனுவில் அந்த எண்ணையும் குறிப்பிட்டு, "இந்த எண்ணில், என் பெயரில்" வெளியான ஆர்டரைக் கேளுங்கள். உண்மையில் வேறொருவரின் எண்ணாக அது இருந்தால் அவருடைய மற்ற விவரங்களைத் தர மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம்.

விளிம்பை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து இணையுங்கள். பதக்கத்தை அனுப்பாதீர்கள்.

பதில்: பனிமலை ஹவில்தார்

ஏழு வாரம் ஆகிறது, நடந்ததை எழுதுகிறேன். தகவல் உரிமை மனுவுக்கு 27-வது நாள் பதில் வந்தது. ஷீட் ரோல் நகல் 22 பக்கம். கூடவே 1994-ம் ஆண்டுப் பார்ட் டூ ஆர்டரின் மங்கிய நகல் ஒன்று: மாறிய எண், என் பெயர், பதக்கத்தின் பெயர். அதே தாளில் எனக்கு மேலும் கீழும் போஸ்ட்டில் இருந்த மற்றவர்களின் பெயர்கள் இருக்கின்றன. எனக்கு முன்னால் நடந்தவனின் பெயரும் இருக்கிறது. அவன் பெயருக்கு எதிரே, இறந்த பிறகு வழங்கப்பட்டது என்று குறித்திருக்கிறார்கள்.

கௌரவப் பதவி பற்றி ஓய்வூதியக் கணக்கு அலுவலகத்துக்கு அனுப்பிய கடிதம் எதுவும் கோப்பில் இல்லை என்று எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பதிலையும் பதவி வழங்கிய கடிதத்தையும் இணைத்து, உதவி இயக்குநரின் பரிந்துரையோடு நேற்றுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதக்கத்துக்கான விண்ணப்பம் தனி உறையில் போனது. ஆறு மாதம் எந்த நாளில் முடிகிறது என்று மனைவி நாட்காட்டியில் வட்டம் போட்டிருக்கிறாள்.